முதல் நாள் எங்கே உட்கார வைக்கிறார்கள்?



பூதலூர் ரயிலடியில் போன மாதம் ஒரு தங்கையைப் பார்த்தேன். பக்கத்துத் தாலுகாவில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் எழுத்தராக இருக்கிறாள். வங்கியின் பெயர் வேண்டாம். நான் வேலை செய்யும் வங்கியின் பெயரும் வேண்டாம். இரண்டு பெயர்ப்பலகைகளையும் மாற்றி மாட்டினாலும் கதை மாறாது. 2021இல் சேர்ந்தவள். ஆயுத பூசைக்குக் கிளையே கூடி நின்று குத்துவிளக்கு ஏற்றியபோது, "நீ கவுண்டர்ல இரும்மா, கஸ்டமர் வருவாங்க" என்று அவளை மட்டும் உட்கார வைத்திருக்கிறார்கள். முதல் வருசம் தற்செயல் என்று நினைத்தாள். மூன்றாவது வருசமும் அதே நாற்காலி. "இதை யாருகிட்டண்ணே சொல்றது? ட்ரெய்னிங்ல இதப்பத்தி ஒண்ணும் வரலையே" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியைத்தான் இந்த இதழின் ஆசிரியவுரையாக எழுதுகிறேன். விளக்கு ஏற்றுவது நம் கொள்கையா, அரசு வங்கியில் பூசை எதற்கு என்று சிலர் கிளம்புவீர்கள். அது வேறு சண்டை, அதையும் போடுவோம். இங்கே நான் பார்ப்பது யார் எங்கே நிற்க வேண்டும் என்று எப்போது கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதை.

அவளுக்கு நடந்த பணியறிமுகப் பயிற்சி ஆறு நாள், முழுக்கக் கைப்பேசியில். கொரோனாக் காலம். பயிற்சி மையங்களை 2020 மார்ச்சில் பூட்டினார்கள், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இணைய இணைப்பை அனுப்பி வீட்டிலிருந்தே கற்றுக்கொள் என்றார்கள். அப்போது வேறு வழியில்லை, அதைக் குறை சொல்லவில்லை. அவள் வீடு ஒரு தொகுப்பு வீடு. ஒரே அறை. அப்பா, அம்மா, தம்பி, ஆயா எல்லாரும் அதற்குள். கேமராவை அணைக்கக் கூடாது என்பது உத்தரவு. பின்னால் பெயர்ந்த சுவரும் கொடியில் தொங்கும் துணியும் தெரிகிறதென்று அம்மாவின் புடவையை மறைப்பாகக் கட்டியிருக்கிறாள். இரண்டாம் நாள் கூடப் படிக்கும் ஒருவன், "மேடம் எங்க, டென்ட் கொட்டகையிலயா?" என்று எழுதிப் போட, நாற்பது சதுரங்களிலும் சிரிப்பு. மூன்றாம் நாள் கேமராவை அணைத்தாள். வருகைப் பதிவில் 'ஆப்சென்ட்' விழுந்தது. நான்காம் நாளிலிருந்து குடமுருட்டிக் கரையில், டவர் கிடைக்கும் ஒரு மதகுக் கட்டையில் உட்கார்ந்து படித்திருக்கிறாள். பின்னால் ஆறு தெரிந்ததால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இதைப் பார்த்து, 'பாருங்கள், நேரடிப் பயிற்சியே நல்லது' என்று எழுதிவிட்டுப் போகலாம். எனக்கு அது முடியாது, ஏனென்றால் நான் நேரடிப் பயிற்சியில் உட்கார்ந்தவன்.

பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு முந்தி நான் சேர்ந்தபோது இரண்டு வாரம் விடுதியில் தங்க வைத்தார்கள். முதல் நாள் காலை சான்றிதழ் சரிபார்ப்பு. பெயர் வாசித்த அதிகாரி, "கம்யூனிட்டி சர்டிபிகேட் ஒரிஜினல் காட்ட வேண்டியவங்க எல்லாம் அந்தப் பக்கம் வாங்க" என்றார். எழுந்து போனோம். அந்த நிமிசத்தில் கூடம் இரண்டாகப் பிரிந்தது. எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டோம். அதற்குப்பிறகு இரண்டு வாரமும் யார் எவர் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அப்படியும் அறைக்கூட்டாளிக்குத் தீரவில்லை. "திருக்காட்டுப்பள்ளியா? எங்க மாமா அங்கதான் சிவசாமி அய்யர் ஸ்கூல்ல படிச்சாரு. நீங்க ஊர்ல எந்தத் தெரு?" தஞ்சாவூர்க்காரர்களுக்குத் தெரியும், இந்த ஊர்களில் தெருவைச் சொன்னால் எல்லாம் சொன்னதாகிவிடும். நான் "ஆத்துக்கு அந்தாண்ட" என்றேன். அவனுக்குப் போதுமானதாக இருந்தது. வகுப்பெடுத்தவர்களில் ஒருவர் கட்-ஆப் மார்க்கை வைத்து ஒரு நகைச்சுவை சொன்னார். அதைத் திரும்ப இங்கே எழுதி அச்சுக்கூலியை வீணாக்க மாட்டேன்.

ஆனாலும் அதே விடுதியில்தான் எனக்கு உண்மையான பயிற்சி கிடைத்தது. உணவுக்கூடத்தில் பரிமாறிய பெரியவர் மூன்றாம் நாள் என் தட்டில் கூட ஒரு முட்டையை வைத்து, "நம்ம புள்ளையா?" என்று மட்டும் கேட்டார். அன்று ராத்திரி அவர் சொல்லித்தான் எஸ்.சி., எஸ்.டி. ஊழியர் நலச் சங்கத்துத் தோழர் ஒருவர் விடுதிக்கு வந்தார். வராந்தாவில் தரையில் உட்கார்ந்து ஒன்பது பேருக்குப் பாடம் நடத்தினார். ரோஸ்டர் என்றால் என்ன, சபர்வால் வழக்குத் தீர்ப்புக்குப்பின் 1997இல் காலியிடக் கணக்குப் போய்ப் பணியிடக் கணக்கு எப்படி வந்தது, இணைப்பு அதிகாரி என்று ஒருவர் இருக்கிறார், அவர் எங்கே இருப்பார், அவரிடம் எழுத்தில் எப்படிக் கொடுப்பது. "வெத்துத் தாள்ல கையெழுத்துப் போடாத. எந்த மெமோ வந்தாலும் முதல்ல ஒரு நகல் எடு, அப்புறம் கோபப்படு." எழுத்தரிலிருந்து அதிகாரியாகப் போவதற்கு இடஒதுக்கீடு உண்டு, அதற்குமேல் அதிகாரிகள் அணிக்குள் தேர்வுமுறையில் ஏறும்போது கிடையாது, வெறும் சலுகைதான் என்பதையும் அவர்தான் சொன்னார். பின்னால் சென்னை உயர் நீதிமன்றத்தில் கிளம்பிய வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2015 தீர்ப்பும் 2016 மறுசீராய்வுமாக அது அப்படியே உறுதியானபோது, எனக்கு அந்த வராந்தா ஞாபகம் வந்தது.

பயிற்சி அட்டவணையில் அந்த வராந்தா இல்லை. எந்த நிர்வாகமும் அதை ஏற்பாடு செய்யவில்லை. பயிற்சியைத் திரைக்கு மாற்றியபோது நிர்வாகம் தன் பாடங்கள் அத்தனையையும் பத்திரமாக எடுத்துப் போய்விட்டது. கே.ஒய்.சி., கள்ளநோட்டு, வாடிக்கையாளர் சேவை, வங்கியின் வரலாறு ஒன்றும் குறையவில்லை. விட்டுப் போனது அந்த வராந்தா மட்டும்.

பெரிய நிறுவனத்தில் முதல் நாள் என்பது நமக்குப் புதிய விசயமில்லை. என் தாத்தாவை எட்டு வயசில் மாடு மேய்க்கப் பண்ணையில் விட்டார்கள். அவருக்கு நடந்த பணியறிமுகம் ஒரு பொழுதில் முடிந்தது: எந்த வாசல் வழியாக வரணும், களத்தில் எந்த மூலையில் நிற்கணும், கஞ்சியை எதில் வாங்கணும், ஆண்டை வரும்போது துண்டு எங்கே இருக்கணும். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்போதும் அந்தப் பாடத்தை யாரும் ரத்து செய்யவில்லை. அம்பேத்கரின் முதல் நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா அரசின் வேலையில் சேர்ந்தவருக்குக் கோப்புகளைத் தூர நின்று மேசைமேல் எறிந்தார்கள் கடைநிலை ஊழியர்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை. தங்க இடம் கிடைக்காமல் பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கி, பதினோராம் நாள் தடியோடு வந்த கூட்டத்தால் வெளியேற்றப்பட்டு, ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்து பம்பாய்க்கு ரயில் ஏறினார். 'விசாவுக்காகக் காத்திருக்கையில்' என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் அந்தப் பதினோரு நாளை அவரே எழுதியிருக்கிறார். புதிதாக வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள் அதை முதலில் படிக்க வேண்டும், வங்கி தரும் கையேட்டைப் பிறகு படிக்கலாம்.

இப்போது நாடு தழுவிய ஏற்பாடு ஒன்று நடக்கிறது. 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அமைச்சரவை 'மிஷன் கர்மயோகி'க்கு ஒப்புதல் தந்தது. 2022 நவம்பர் 22 அன்று 'ரோஜ்கார் மேளா' நடத்தி, சுமார் 71,000 பேருக்கு நியமன ஆணை கொடுத்த அதே நாளில், புதிதாகச் சேரும் எல்லாருக்குமான இணையவழிப் பணியறிமுகத்தைப் பிரதமர் தொடங்கி வைத்தார். பெயர் 'கர்மயோகி பிராரம்ப்'. பெயரைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். அவரவர் கர்மத்தைப் பலன் பார்க்காமல் செய் என்பதை நம் தெருவுக்கு ஏற்கனவே வேறு ஆட்கள் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அது கிடக்கட்டும். அதில் என்னென்ன பாடம் என்று அரசு அறிவித்தது? அரசு ஊழியர் நடத்தை விதி, பணியிட அறநெறியும் நேர்மையும், மனிதவளக் கொள்கைகள், படிகளும் சலுகைகளும். அந்த அறிவிப்பில் சாதி என்ற சொல் இல்லை. என் வங்கியின் மின்பாடங்களையும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 'எஸ்.சி.' என்ற எழுத்து இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று கடன் திட்டத்தில், இன்னொன்று விடுப்புக் கட்டணச் சலுகைக்குப் பக்கத்தில் ஒரு அட்டவணையில். நாம் அங்கே பயனாளிகள். கூட வேலை செய்கிறவர்களாக எங்கேயும் வரவில்லை.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் தொல்லை பற்றிய பாடம் எல்லாப் பயிற்சியிலும் இருக்கிறது. அது நிர்வாகங்களின் நல்ல மனசால் வந்ததல்ல. 1997இல் விசாகா தீர்ப்பு, 2013இல் தனிச் சட்டம், அந்தச் சட்டத்திலேயே ஊழியர்களுக்கு விழிப்புணர்வு நடத்துவது முதலாளியின் கடமை என்று எழுதியிருக்கிறது. பெண்கள் இயக்கம் போராடி வாங்கியது. நம்மிடம் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அது நடந்த குற்றத்துக்குத் தண்டனை கொடுக்கும். குற்றம் நடக்கும் முன் உன் ஊழியனுக்குச் சொல்லிக் கொடு என்று எந்த மேலாளரையும் அது கட்டாயப்படுத்தவில்லை. இந்த ஓட்டையை நாமும் இத்தனை வருசம் பெரிதாகப் பேசவில்லை. ரோஸ்டருக்காகவும் பின்னடைவுக் காலியிடங்களுக்காகவும் தெருவில் நின்றோம், அது சரி. உள்ளே போன பிள்ளைக்கு முதல் வாரத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை.

அமெரிக்காவைப் பாருங்கள் என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் சொல்கிறேன். சிஸ்கோ நிறுவனத்தில் ஒரு தலித் பொறியாளருக்குச் சாதிப் பாகுபாடு நடந்ததென்று கலிபோர்னிய அரசுத் துறை 2020 ஜூனில் வழக்குப் போட்டது. அதையொட்டி ஆப்பிளும் ஐ.பி.எம்.மும் தங்கள் ஊழியர் விதிகளில் சாதி என்ற சொல்லைச் சேர்த்தன என்று 2022இல் செய்தி வந்தது. அந்த வழக்கில் இரண்டு மேலாளர்கள் மீதான பகுதியை 2023இல் கைவிட்டார்கள், அதே ஆண்டு கலிபோர்னியச் சட்டமன்றம் நிறைவேற்றிய சாதித் தடை மசோதாவை ஆளுநர் தடுத்துவிட்டார். எல்லாம் தெரிந்ததுதான். ஆனால் சாதி கப்பலேறிப் போன ஊரில் அந்தச் சொல்லை விதிப்புத்தகத்தில் எழுத முடிகிறது, சாதி பிறந்த ஊரில் ஒரு மின்பாடத்தில் எழுத முடியவில்லை.

திரையால் நமக்கு நட்டம் மட்டும்தானா? இல்லை. 2021 ஏப்ரலில் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் ஒரு இணைய வகுப்பு. எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறன் மாணவர்களுக்கான ஓராண்டு முன்தயாரிப்புப் படிப்பு. ஆசிரியை அவர்களைக் கேவலமான சொற்களால் திட்டினார், முடிந்தால் புகார் செய்யுங்கள் என்று சவாலும் விட்டார். அது பதிவாகி நாடெல்லாம் பரவியது, அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். நான்கு சுவருக்குள் நடந்திருந்தால்? எங்கள் கட்-ஆப் நகைச்சுவையைப் போலக் காற்றோடு போயிருக்கும். இணையத்தில் ஏற்றப்பட்ட இழிவுப் பேச்சும் 'பொதுப்பார்வை' என்பதற்குள் வரும் என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாணவத் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். திரையில் நடப்பதற்குச் சாட்சி இருக்கிறது.

என் வருத்தம் வேறு இடத்தில். திரையில் எல்லாச் சதுரமும் ஒரே அளவு. ஒரு சதுரம் அக்கிரகாரத்தில் இருக்கிறது, ஒன்று மேலத்தெருவில், ஒன்று காலனியில். ஆறு நாளும் யாரும் தன் தெருவை விட்டு வெளியே வரவில்லை. விடுதியில் என் தெருவைக் கேட்டானே அந்த அறைக்கூட்டாளி, அவனுக்கு என்னோடு ஒரே குளியலறை, ஒரே தண்ணீர்க் குடம், பன்னிரண்டு ராத்திரி. ஏழாம் நாள் அவனுக்குக் காய்ச்சல். கஞ்சி வாங்கிவந்து கொடுத்தது நான். அதனால் அவன் சாதியை விட்டுவிட்டானா என்று எனக்குத் தெரியாது, அவன் கல்யாணப் பத்திரிகையில் சாதிப்பட்டம் இருந்தது. ஆனால் என் கையால் குடித்தான். அந்த ஒரு வாய்ப்பும் இல்லாமல், வீட்டில் அப்பா அம்மா சொல்லிக் கொடுத்ததோடு நேராகக் கவுண்டருக்கு வந்து உட்காருகிறவன்தான் இனி வருங்கால மேலாளர். ஊரும் சேரியும் அதனதன் இடத்தில் இருந்தபடியே ஒரு நிறுவனம் தன் ஊழியர்களைத் தயாரித்துவிட முடிகிறது. தனியார் கம்பெனிகளிலும் இதுதான். இன்போசிஸின் மைசூர் வளாகத்துக்குப் போய்ப் பயிற்சி பெற வேண்டிய பிள்ளைகள் 2020இல் வீட்டிலிருந்தே பெற்றார்கள். அங்கே இடஒதுக்கீடே இல்லை என்பதால் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணக்கூட வழியில்லை.

செலவு மிச்சம் என்கிறார்கள். பயணப்படி, விடுதி, சாப்பாடு எல்லாம் மிச்சம்தான். 1969இல் 14 வங்கியும் 1980இல் 6 வங்கியும் நாட்டுடைமையானதால்தான் இடஒதுக்கீடு வழியாக நாம் அந்தக் கட்டடங்களுக்குள் போனோம். அதுவரை அங்கே நமக்கு இருந்த வேலை கூட்டுகிற வேலை. அது இன்றும் இருக்கிறது. பகுதிநேரத் துப்புரவுப் பணியாளருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட்டு மூன்றில் ஒரு பங்கு, பாதி, முக்கால் என்று சம்பளத்தை வெட்டித் தரும் ஒப்பந்தம் வங்கித்துறையில் உண்டு. என் கிளையில் கூட்டும் அம்மாவுக்கு அந்த முக்காலும் இல்லை, தினக்கூலிதான். அவருக்கு யாரும் இணைப்பு அனுப்பவில்லை. "ஒனக்கு மொத நாள் என்ன சொல்லிக் குடுத்தாங்க ஆயா?" என்று கேட்டேன். "கக்கூஸ் எங்க இருக்குன்னு காட்னாங்க. பினாயில் பாட்டில குடுத்தாங்க. டீ குடிக்கிற கிளாஸ தனியா வச்சுக்கன்னாங்க" என்றார். மூன்று வரியில் முடிந்த பயிற்சி. என் தாத்தாவுக்கு நடந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

தங்கையின் கேள்விக்கு வருகிறேன். புகார் செய்ய இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது என்று அவளுக்குப் பயிற்சியில் சொன்னது உண்மை. இருவரும் ரயிலடி பெஞ்சில் உட்கார்ந்து அதைத் திறந்தோம். புகாரின் வகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. சம்பளம், இடமாற்றம், விடுப்பு, மருத்துவ பில், பாலியல் தொல்லை, கடைசியில் 'மற்றவை'. "நாம மற்றவையாண்ணே?" என்று சிரித்தாள். அவளை அதில் எழுத வேண்டாம் என்றேன். தாளில், தேதிகளோடு, இணைப்பு அதிகாரிக்கு, ஒப்புகை அட்டையுடன் பதிவஞ்சலில், ஒரு நகல் சங்கத்துக்கு. அவள் அந்த அதிகாரியின் பெயரைக் கேட்டாள். வங்கியின் இணையப் பக்கத்தில் தேடினோம். கிடைப்பதற்குள் திருச்சி வண்டி வந்துவிட்டது.

நம் சங்கங்களும் இயக்கங்களும் நிர்வாகங்களிடம் வைக்க வேண்டியதை நான் இப்படிப் பார்க்கிறேன். பயிற்சி திரையில் நடக்கட்டும், ஆனால் முதல் திரையிலேயே இணைப்பு அதிகாரியின் பெயரும் தொலைபேசியும் இருக்க வேண்டும். சாதிப் பாகுபாடு பற்றிய பாடம் கட்டாயம், தேர்வோடு, நமக்கு மட்டுமல்ல எல்லாருக்கும். அது தமிழிலும் இருக்க வேண்டும். வங்கி எழுத்தர் தேர்வையே 2021 அறிவிப்புக்குப் பிறகுதான் தமிழில் எழுத முடிந்தது என்பதை மறக்க வேண்டாம், பயிற்சிக்கு இன்னும் எத்தனை வருசம் காத்திருப்பது? கேமராவைத் திறந்து வீட்டைக் காட்டு என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, அல்லது கிளையிலேயே ஒரு மேசையும் கணினியும் கொடுத்து உட்கார வை. ஒரு வாரமாவது எல்லாரையும் ஒரே கூரைக்குக் கீழே தங்க வை, சாதிச் சான்றிதழைத் தனியறையில் பார். சங்கத்துக்கு அங்கே ஒரு மணி நேரம் கொடு. புகார்ப் பக்கத்தில் சாதிக்கு ஒரு வரி போடு. துப்புரவுப் பணியாளருக்கும் பயிற்சி நடத்து, அதில் அவருடைய கூலி எவ்வளவு, உரிமை என்ன என்பதைச் சொல்லு.

இதெல்லாம் கேட்டவுடன் கிடைக்காது. அதுவரை அந்த வராந்தாவை நாமே போட வேண்டியதுதான். 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாம், நான்காம் சனிக்கிழமை வங்கிக்கு விடுமுறை. வருகிற இரண்டாம் சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் தெருப் படிப்பகத்தில் உட்காருகிறோம். வங்கி, ரயில்வே, தபால், மின்வாரியம், எங்கே சேர்ந்திருந்தாலும் வரலாம். தேர்வுக்குப் படிக்கிறவர்களும் வரலாம். நியமன ஆணையின் நகலையும், பயிற்சியில் கொடுத்த தாள்கள் இருந்தால் அவற்றையும் எடுத்துவாருங்கள். விடுதியில் எங்களுக்குப் பாடம் நடத்திய தோழர் ஓய்வு பெற்றுவிட்டார், முழங்கால் வலி, இருந்தாலும் வருகிறேன் என்றிருக்கிறார். மத்தியானச் சாப்பாடு உண்டு. கூட்டும் அம்மாவையும் கூப்பிட்டிருக்கிறேன். "நான் வந்து என்னத்தம்பி பேசறது?" என்றார். கிளாஸ் கதையைச் சொல்லுங்கள் என்றிருக்கிறேன்.